தீபம் பார்க்க வந்த அம்மை

நான் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லிவிடும் என் அன்பு மல்லிகா அண்ணிக்கு,

ரிப்போர்ட் வந்துவிட்டது. நம் இனியாவின் உடம்பில் தடுப்பூசி பிடித்திருக்கிறதா இல்லையா என்று பார்க்க எடுத்த ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட். காலையில் மாவு அள்ளிக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஈரக்கையோடுதான் எடுத்தேன்.

இருங்கள், உடனே சொல்லிவிட மாட்டேன். இத்தனை வருடமாக நான் எதை ஆரம்பித்தாலும் நடுவில் புகுந்து நீங்கள்தான் முடித்து வைப்பீர்கள். இப்போது குறுக்கே பேச உங்களால் முடியாது. முதல் முறையாக ஒரு கதையை நானே ஆரம்பித்து நானே முடிக்கப் போகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை மடித்து உங்கள் போட்டோவுக்குப் பின்னால் செருகப் போவதில்லை. நம் மாவுக்கடைச் சுவரில் ஒட்டப் போகிறேன். இட்லி மாவுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் படிக்கட்டும். போன கார்த்திகையில் தெரு முழுக்க ஒரு பொய் சொன்னோம் இல்லையா, உண்மையும் தெரு முழுக்கப் போக வேண்டும்.

நம்மைத் தெரியாத வெளியூர்க்காரர்களும் கடைக்கு வருகிறார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. மல்லிகா அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. தன் வீட்டுக்காரர் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். முன்னறையில் கிரைண்டர் போட்டு இந்தக் கடையை ஆரம்பித்தவர். நாத்தனாரும் நானும் ஒரே சமையலறையில் நின்றால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்பார், அடுத்த நாள் கம்மி என்பார், இரண்டு நாளும் நான் போட்டது ஒரே அளவுதான். என்ன அண்ணி, பொய்யா?

ஆனால் என் மகள் இனியாவுக்கு ஏழு வயதில் இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தியபோது, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் என்னோடு தரையில் படுத்தது நீங்கள்தான். உங்கள் தம்பி செங்கம் ரோடு கெஸ்ட் ஹவுஸில் லீவு சொல்லிவிட்டு வந்து, வார்டு வாசலில் நின்று அழுதுவிட்டு, திரும்பப் போய்விட்டார். அவரைத் தப்பு சொல்லவில்லை, அவருக்கு அவ்வளவுதான் முடிந்தது. வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்யலாம், வீட்டில் இரண்டு பேர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் சொன்னவுடன், நீங்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்தீர்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவர், எல்லாவற்றையும் எனக்கு முன்னால் கற்றுக்கொண்டீர்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

ஒரு நாளைக்கு நான்கு முறை. கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, முழங்கை வரை சோப்பு தேய்த்து, ஒரு பை மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் இறக்க வேண்டும். உள்ளே சில மணி நேரம் ஊறி, அழுக்கை இழுத்துக்கொண்டு அது வெளியே வரும். வெளியே வந்த தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் வயிற்றில் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பைக்கு அடியில் பேப்பர் வைத்து, எழுத்து தெரிகிறதா பாருங்கள் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். நீங்கள் என்ன செய்தீர்கள்? தினமும் ராசிபலன் பக்கத்தை வைத்தீர்கள். "கன்னி, எதிர்பாராத வரவு. ரிஷபம், வீண் அலைச்சல். தண்ணி தெளிவா இருக்குடி உமா!" என்று உங்கள் குரல் கேட்டால்தான் எனக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தெம்பு வரும்.

அந்தச் சின்ன டாக்டரம்மா நமக்குப் புரியவைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முழுசாகப் போட்டும் இனியாவின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பு சக்தி வரவில்லை என்று ரிப்போர்ட் சொன்ன நாள். நான் ஏதோ ஊசி கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

"ஊசி நல்ல ஊசிதாம்மா," என்றார் டாக்டரம்மா. "கிட்னி வேலை செய்யாதப்ப ரத்தத்துல கழிவு தங்கிடுது. அதுலயே கெடந்து, கிருமியோட சண்டை போடற அணுக்கள் சோர்ந்து போயிடுது. ஆளு இருக்கும், வேகம் இருக்காது. நீங்க வெளிய எடுக்கிற தண்ணியில கொஞ்சம் எதிர்ப்புப் புரதமும் சேந்து போயிடும். மத்த புள்ளைங்களுக்கு ஊசி போட்டா உடம்பு ஞாபகம் வெச்சுக்கும். இந்தப் புள்ளைங்களுக்கு லேசுல ஞாபகம் நிக்காது, நின்னாலும் சீக்கிரம் மறந்துடும்."

நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

"அப்ப எங்க தம்பி மாதிரின்னு சொல்லுங்க. தக்காளி வாங்கினு வாடான்னா முட்டைகோஸ் வாங்கினு வருவான். நாலு தபா சொல்லி அனுப்பணும். இதுக்கும் நாலு தபா சொல்லணும், அவ்ளோதானே டாக்டரம்மா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அவ்ளோதாங்க. டபுள் டோஸா மறுபடியும் போடுவோம். ஞாபகம் வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்போம்."

அன்றைக்கே அவர் இன்னொன்றும் சொன்னார். என் கிட்னி இனியாவுக்குப் பொருந்துகிறது. வைத்துவிடலாம். ஆனால் வைத்த பிறகு, புதுக் கிட்னியோடு உடம்பு சண்டை போடாமல் இருக்க, இருக்கிற கொஞ்சம் எதிர்ப்பு சக்தியையும் மருந்து கொடுத்து அடக்கி வைக்க வேண்டும். அந்த நிலைமையில் அம்மை போட்டால் தாங்காது, அதற்குப் பிறகு அம்மை ஊசியும் போட முடியாது. அதனால் ஊசிகளை முதலில் போட்டு, பிடித்திருக்கிறது என்று ரத்தம் சொல்லட்டும், அப்புறம் நிம்மதியாக ஆபரேஷனுக்குப் போவோம். உங்கள் கிட்னியைத்தான் எடுக்க வேண்டும் என்று நீங்கள் அடம்பிடித்ததையும், சர்க்கரை இருக்கிறது முடியாது என்றதும் மூன்று நாள் அந்த ஆஸ்பத்திரியில் யாரோடும் பேசாமல் இருந்ததையும் நான் மறக்கவில்லை.

ஆக, நம் வீட்டில் எல்லாமே ஒரே ஒரு விஷயத்தில் நின்றது. ஊசியை அந்தச் சின்ன உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை வெளியிலிருந்து ஒரு கிருமியும் உள்ளே வரக் கூடாது.

வேறு ஊரில் அது சுலபமாக இருந்திருக்கலாம். திருவண்ணாமலையில், அதுவும் பே கோபுரத்துக்குப் பின்னால், மொட்டை மாடியில் நின்றால் மலை உச்சி முழுசாகத் தெரிகிற வீட்டில்? கார்த்திகை பிறந்தாலே சொந்தக்காரர்களுக்கு நம் வீட்டு நினைப்பு வந்துவிடும். போன் செய்துவிட்டா வருவார்கள்? பையும் பாயுமாக வந்து இறங்குவார்கள். தீபத்துக்கு வந்தவரை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிய வீடு என்று ஒரு முறை பேர் வாங்கினால், ஏழு தலைமுறைக்கும் பேசுவார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்த முதல் வருடம் நாமும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். பதினேழு பேர் வந்தார்கள். யாரோ தும்மினார்கள், யாரோ கை கழுவாமல் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினார்கள், யாரோ பை மாற்றும் அறைக்குள் புகுந்து போனுக்கு சார்ஜ் போட்டார்கள். தீபம் முடிந்த நான்காம் நாள், ராசிபலன் எழுத்து தெரியவில்லை. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அடுத்த தீபத்துக்கு ஒருத்தன் உள்ள வர மாட்டான். எப்படின்னு கேக்காத."

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பேனா?

போன கார்த்திகை. கொடியேற்றம் ஆன மறுநாள் காலையில் வாசல் தெளிக்க வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். நிலைப்படியின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக வேப்பிலை. வாசலில் மஞ்சள் தண்ணீர். அம்மா வந்திருக்கிற வீடு, யாரும் உள்ளே வராதீர்கள் என்று இந்த ஊரில் எழுதிப் போட வேண்டியதில்லை, வேப்பிலையே சொல்லிவிடும். உள்ளே ஓடினேன், இனியாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பொட்டுகூட இல்லை. பிள்ளை மிக்சர் தின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணி! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? சாமி விஷயம்!"

"கத்தாத. மாரியம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் கட்டினேன். எம்மா, உன் பேர்ல ஒரு பொய் சொல்லிக்கிறேன், புள்ள பொழச்சா ஆடியில கூழ் ஊத்தறேன்னு."

இனியா மிக்சரை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தாள். "அத்தை, பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்துமே?"

"குத்துனா என் கண்ணை குத்தட்டும். நீ சாப்பிடு."

வருஷம் தவறாமல் தீ மிதிக்கிறவர், செவ்வாய், வெள்ளி வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் விரதம் இருக்கிறவர், அம்மன் பேரில் பொய் சொன்னார் என்று இந்தத் தெருவில் யார் நம்புவார்கள்? அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் இளநீர் வாங்கி வாசல் ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டில் கறி எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. யாராவது ஜன்னல் பக்கம் வந்தால் இனியா போர்வையை இழுத்துக்கொண்டு முனக வேண்டும் என்று நீங்கள் ஒத்திகை வேறு நடத்தினீர்கள். அவள் முனகுவதற்குப் பதிலாகச் சிரித்துத் தொலைப்பாள்.

"மழைக் காலத்துல என்னம்மா அம்மை? பங்குனி சித்திரையிலதானே வரும்?" என்று ஒருவர் கேட்டார். நீங்கள் அசரவே இல்லை.

"தீபம் பாக்க வந்திருக்கா. ஊரு ஒலகமே வருது, அவ வரக் கூடாதா?"

கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கீழ்பென்னாத்தூர் சின்னம்மா மட்டும்தான் அடங்கவில்லை. உங்கள் அம்மாவின் தங்கை, அம்மை போட்ட பிள்ளைகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற அந்தப் பக்கம் முழுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். தீபத்தன்று காலை பத்து மணிக்கு, கட்டைப்பையோடும் ஒழுகுகிற மூக்கோடும் வந்து நின்றார்.

"எனக்கு சின்னதுலயே வந்து போயிடுச்சு மல்லிகா. நான் உள்ள வரலாம். புள்ளைக்கு எத்தினி முத்து போட்டிருக்கு, பாத்துட்டுச் சொல்றேன்."

நீங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றீர்கள். "வேணாம் சின்னம்மா. அம்மா ரொம்ப உக்கிரமா இருக்கா. வெளியூர் தண்ணி குடிச்சவங்க நெழல் படக் கூடாதுன்னு உத்தரவு."

"எந்த ஊரு உத்தரவுடி இது? நான் கேட்டதே இல்ல."

"இந்த வாட்டி புதுசா சொல்லியிருக்கா."

உள்ளே நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா, அண்ணி? வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, அடுப்படியில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு படபடவென்று வெடித்தது. சின்னம்மா மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக்கொண்டார். ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். மாஸ்க் போட்ட முகத்தில் இரண்டு கண் போர்வைக்கு மேலே தெரிந்திருக்கும். "சரி, ஆத்தா பாத்துப்பா," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் எப்படி இருந்தது! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நம் மொட்டை மாடியில் கால் வைக்க இடம் இருந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நாம் நான்கே பேர். நீங்கள் இனியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறினீர்கள், இறக்கி விடுங்கள் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல். ஆறு மணிக்கு உச்சியில் சுடர் தெரிந்தது. ஊர் முழுக்க அரோகரா. இனியா மாஸ்க்கை இறக்கிவிட்டு அடித்தொண்டையில் கத்தினாள், சுற்றி ஒருவரும் இல்லை, கத்தட்டும் என்று விட்டோம். நீங்கள் வானத்தைப் பார்த்து, "எம்மா, நல்லா தெரியுதா? எடம் வேணும்னா இப்டி வந்து நில்லு," என்று கொஞ்சம் நகர்ந்து நின்றீர்கள். அன்றைக்குத்தான் உங்களை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இதை உங்களிடம் நேரில் ஏன் சொல்லவில்லை நான்?

அந்தத் தீபத்துக்குப் பிறகு ராசிபலன் எழுத்து மறையவே இல்லை. தை மாதத்தில் ஒரு நாள் தவிர.

"உமா! ஓடியாடி! தண்ணி கலங்கிடுச்சு!"

அள்ளிக்கொண்டிருந்த மாவை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தேன். ஆட்டோ பிடிக்கச் செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மகர ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்பது வரை எனக்குத் தெரிகிறது. நீங்கள் மறுபடி குனிந்து, வழக்கம்போல் இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறீர்கள்.

"எழுத்தே தெரியலையேடி."

"அண்ணி, இடது கண்ணை மூடிட்டுப் பாருங்க. இப்ப வலதை."

கலங்கல் பையில் இல்லை, உங்கள் வலது கண்ணில் இருந்தது. புரை விழுந்திருந்தது. எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது, நீங்களோ கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "பாத்தியா இனியா, சொன்ன மாதிரியே குத்திட்டா! ஆனா நல்லவ, ஒரு கண்ணோட விட்டா." ஆபரேஷன் முடிந்து பச்சைத் துணி கட்டிய கண்ணோடு தெருவில் போகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போது புரியும்.

மாசி மாதம். உளுந்து கழுவிக்கொண்டே, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சுவரில் சாய்ந்தீர்கள். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மாட்டேன். வாசலில் கூட்டம் கூடியபோது, பிள்ளையை மாடிக்கு அனுப்பிவிட்டு, வந்தவர்கள் எல்லோரையும் சோப்பு போட்டுக் கை கழுவச் சொன்னேன். முகம் சுளித்தார்கள். நீங்கள் இருந்தால் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

ஆடியும் வரவில்லை, கூழும் ஊற்றவில்லை. உங்கள் வேண்டுதல் அப்படியே நின்றது.

பங்குனியில் இனியாவுக்கு அம்மை ஊசியின் முதல் தவணை போட்டார்கள். மூன்றாவது வாரம் குளிக்க வைக்கும்போது பார்க்கிறேன், மார்பில் நான்கு, முதுகில் ஒன்று, நீர்கோத்த சின்னச் சின்னப் பரு. வேப்பிலை வைத்துப் பொய் சொன்னோமே, அதற்கு இப்போது வந்துவிட்டாளா? போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன், ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டார்.

"காய்ச்சல் இருக்கா? இல்லைல்ல. பயப்படாதீங்க. ஊசியில இருக்கிறது வலு குறைஞ்ச கிருமிதான். சில புள்ளைங்களுக்கு இப்படி நாலஞ்சு வந்து போயிடும். தெனம் ஒரு போட்டோ அனுப்புங்க. காய்ச்சல் வந்தா, பரு ஜாஸ்தியானா, உடனே கெளம்பி வந்துடணும்."

"அப்ப ஊசி பிடிச்சிருச்சுங்களா?"

"அதை ரத்தம்தாங்க சொல்லணும்."

போனை வைத்துவிட்டு ஒரு சின்ன வேப்பங்கொத்து ஒடித்து வந்து நிலையில் செருகினேன். இனியா பின்னாலேயே வந்து நின்றாள்.

"இந்தத் தடவை நெஜமாம்மா?"

"நெஜம்தான். சின்ன அம்மா. ஊசி வழியா வந்திருக்கா."

"அப்ப நான் முனகணுமா?"

வேண்டாம் என்றேன். ஏழு நாள் வீட்டில் தாளிக்கவில்லை. கடுகு இல்லாத ரசத்தை உங்கள் தம்பி முணுமுணுத்துக்கொண்டே குடித்தார். எட்டாம் நாள் ஐந்தும் காய்ந்து உதிர்ந்தது. அடுத்த தவணையும் போட்டோம், அதற்கு ஒரு பருகூட வரவில்லை.

ஆனாலும் என் மனசில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஆடி நெருங்குகிறது. உங்களுக்காக நான் கூழ் ஊற்றலாம், ஆனால் எதற்காக என்று சொல்லாமல் ஊற்றினால் அதுவும் ஒரு பொய்தானே? போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி கீழ்பென்னாத்தூர் போனேன். சின்னம்மா களத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தலையைத் தூக்கவில்லை நான். மூக்கு ஒழுகுகிறது என்று ஒரு பெரியவரை வாசலோடு அனுப்பினோமே, அதுவும் சாமி பேரைச் சொல்லி.

சின்னம்மா ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"ஏன்டி உமா, வாசல்ல வேப்பிலை. உள்ள கடுகு வெடிக்குது. அம்மா எறங்கின வீட்டுல யாராவது தாளிப்பாங்களா? நான் எத்தினி புள்ளைக்கு தண்ணி ஊத்தினவ, எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் தலையைத் தூக்கினேன். "அப்பவே தெரியுமா? ஏன் சின்னம்மா ஒண்ணும் கேக்கல?"

"மல்லிகா மாரியம்மா பேர்ல பொய் சொல்றான்னா, அதுக்கு ஒரு காரணம் இருக்கணும்ல? ஜன்னல்ல பாத்தேன். மாஸ்க்கு போட்டுக்குனு புள்ள சிரிக்குது. எனக்கானா மூக்கு ஒழுகுது. அதுக்கு முந்தின வருசம் நாங்கெல்லாம் வந்துட்டுப் போயித்தானே புள்ள ஆஸ்பத்திரியில கெடந்துச்சு? புரிஞ்சிடுச்சு. நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயி நின்னேன். நம்ம ஆளுங்க பதினோரு பேரு எறங்கினாங்க. மல்லிகா வீட்ல அம்மா உக்கிரமா இருக்கா, ஒருத்தரும் போகாதீங்க, லாட்ஜைப் பாருங்கன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். வெளியூர் தண்ணி, நெழலுன்னு அந்தப் புது உத்தரவையும் சேத்து சொன்னேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, அண்ணி. அன்றைக்கு சின்னம்மாவுக்குப் பிறகு ஒருவர்கூட வரவில்லையே, வேப்பிலைக்கு இவ்வளவு சக்தியா என்று நாம் இரண்டு பேரும் வாய் பிளந்தோமே. பஸ் ஸ்டாண்டில் கட்டைப்பையோடு நின்றது யார் என்று நமக்குத் தெரிந்ததா? உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

"பாதிப் பொய் எனுது," என்றார் சின்னம்மா, முறத்தைத் தட்டிக்கொண்டே. "அதனால பாதிக் கூழும் எனுது. கேவுரு நான் எடுத்தாறேன்."

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். நீங்கள் எவ்வளவு துடிப்பீர்கள் என்று நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

பிடித்துவிட்டது, அண்ணி! இரண்டுமே பிடித்துவிட்டது. மஞ்சள் காமாலை ஊசிக்கு வேண்டிய எதிர்ப்பு சக்தி வந்துவிட்டது, அம்மை ஊசிக்கும் வந்துவிட்டது. டாக்டரம்மா போனில் சொன்னது இதுதான்: "உங்க பொண்ணு உடம்பு ஞாபகம் வெச்சுக்கிச்சும்மா. நாலு தபா சொல்லணும்னு சொன்னாங்களே உங்க நாத்தனார், அவங்ககிட்ட சொல்லுங்க." நீங்கள் இல்லை என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. "சொல்லிடறேன் மேடம்" என்றுதான் சொன்னேன்.

போனை வைத்துவிட்டு மாவுக் கையோடு இனியாவைக் கட்டிப் பிடித்தேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள். "அம்மா, கை கழுவிட்டு வா!" அச்சு அசலாக உங்கள் குரல். நான் கை கழுவிவிட்டு வந்து மறுபடி கட்டிக்கொண்டேன். உங்கள் தம்பிக்குப் போன் செய்தால், கெஸ்ட் ஹவுஸில் வெள்ளைக்காரர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தவர், அங்கேயே நின்று அழுதிருக்கிறார். அவர்கள் பயந்துபோய் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்களாம். சாயங்காலம் இனிப்பு வாங்கி வரச் சொன்னேன். காரம் வாங்கி வந்தார்.

ஆபரேஷன் ஆவணியில். என் இடது பக்கத்தை எடுக்கப் போகிறார்கள். பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். புதுக் கிட்னி வந்த பிறகும் சோப்பும் மாஸ்க்கும் இருக்கும், ஜாஸ்தியாகவே இருக்கும். ஆனால் இனியா வெறும் வயிற்றோடு, குழாய் இல்லாமல் மல்லாந்து படுத்துத் தூங்குவதை ஒரு நாள் பார்க்கப் போகிறேன் என்ற சந்தோஷத்துக்கு முன்னால் அந்தப் பயம் நிற்க முடியாமல் தள்ளாடுகிறது.

உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். பையைப் பேப்பர் மேல் வைத்துப் படிக்கிற வேலையை இப்போது இனியாவே எடுத்துக்கொண்டாள். அவள் தன் ராசியைப் படிப்பதில்லை, என் ராசியையும் படிப்பதில்லை. நீங்கள் போன மறுவாரத்திலிருந்து தினமும் உங்கள் மகரத்தைத்தான் படிக்கிறாள். இன்றைக்கு மத்தியானம் பையைத் தூக்கி வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சத்தமாகப் படித்தாள்.

"மகரம். நற்செய்தி தேடி வரும். அம்மா, தண்ணி தெளிவா இருக்கு!" அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அத்தைக்கு யாரு போய் செய்தி சொல்லுவாங்க?"

அதற்காகத்தான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

ஆடி மூன்றாம் வெள்ளி, நம் வீட்டு வாசலில் கூழ். நீங்கள் வேண்டிக்கொண்ட கூழ், ஒரு சொட்டு குறையாமல். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் உண்டு. தெருவில் இளநீர் வைத்தவர்கள், கறி எடுக்காமல் இருந்தவர்கள், பஸ் ஸ்டாண்டோடு திரும்பிய பதினோரு பேர், இதைப் படித்துக்கொண்டு மாவுக்கு நிற்கிற நீங்கள் எல்லோருமே வர வேண்டும். வாசலில் பக்கெட்டும் சோப்பும் இருக்கும், கழுவாத கைக்குக் கூழ் கிடையாது. உள்ளே கடுகு நன்றாக வெடிக்கட்டும். முதல் செம்பை மாஸ்க் போட்டுக்கொண்டு இனியா ஊற்றுவாள். அதை யாருக்கும் கொடுக்க மாட்டோம் அண்ணி, மாடிக்கு எடுத்துப் போய், அன்றைக்கு அம்மாவுக்கு இடம் விட்டு நீங்கள் நகர்ந்து நின்றீர்களே, அந்த இடத்தில் வைப்போம். நீங்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். உப்பு கம்மி என்று மட்டும் சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
சொன்ன சொல்லைக் காப்பாற்றப் போகிற,
உங்கள் தம்பி பெண்டாட்டி,
உங்கள் இனியாவைப் பெற்றவள்,
உமா